ஏர் ஆசியாவை லாபுவிலிருந்து எடைபோடுதல்

2008ஆம் ஆண்டின் கடைசியில் ஏர் ஆசியா நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரை இரண்டு பக்கமாக நெருங்கியது. ஒரு பக்கம், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் விமானம் இந்தியாவில் இறங்கிய முதல் ஊர் அதுதான். இன்னொரு பக்கம், தோட்ட நிறுவனமான சைம் டார்பியுடன் சேர்ந்து, அந்த மாநிலத்தின் லாபுவில் செம்பனை நின்ற நிலத்தில் 160 கோடி ரிங்கிட் செலவில் தனக்கென்று ஒரு விமான நிலையம் எழுப்பும் திட்டத்தை வெளியிட்டது. திருச்சிப் பயணம் நிலைத்தது. லாபுத் திட்டம் 2009 ஜனவரி முடிவதற்குள் கைவிடப்பட்டது. எண்ணெய் விலை முன்பேர ஒப்பந்தங்களைப் பாதியில் முறித்துக்கொண்டதால் 2008ஆம் ஆண்டுக் கணக்கை நிறுவனம் நட்டத்தில்தான் முடித்தது. பயணிக்கு உண்மையான பயன், அடங்காத விரிவாக்க ஆசை, இரண்டையும் தாங்க வேண்டிய இடத்தில் மெலிந்த கையிருப்பு: ஏர் ஆசியாவின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த மூன்றின் கதைதான்.

இன்று அதே நிறுவனம் மறுபடியும் பெரிய எண்களைப் பேசுகிறது. 2024இல் அதன் கிளைகள் எல்லாம் சேர்ந்து 6 கோடிக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றின. புதிய விமானங்களுக்கு ஆர்டர், நிறுவன இணைப்பு, புதிய இந்திய ஊர்கள் என்று செய்திகள் வந்தபடி உள்ளன. பயணிகள் எண்ணிக்கை கூடிவிட்டது என்பதற்காக ஒரு விமான நிறுவனத்தைப் பாராட்டிவிட முடியாது. அதிகப் பயணிகளை ஏற்றிக்கொண்டே திவாலான நிறுவனங்கள் உலகில் ஏராளம். ஆகவே மூன்று கேள்விகளால் இதை அளக்கலாம். சாதாரண வருமானக்காரருக்கு வாக்களித்த மலிவு உண்மையில் கிடைத்ததா? கெட்ட ஆண்டு வந்தபோது நிறுவனம் தன் காலில் நின்றதா? அது வளர்வதற்கான செலவு யார் தலையில் விழுந்தது?

முதல் கேள்வியில் ஏர் ஆசியா தெளிவாகத் தேறுகிறது. கப்பல் காலத்தை நினைத்தால் இதன் அருமை புரியும். ரஜூலா கப்பலிலும் பிறகு எம்.வி. சிதம்பரத்திலும் வங்காள விரிகுடாவைக் கடந்தவர்களின் பிள்ளைகள்தான் நெகிரி செம்பிலானின் ரந்தாவிலும் சிலியாவிலும் ரப்பர்ப் பால் வெட்டினார்கள். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணம் முடிந்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் போவதென்றால் விமானம் மட்டுமே. தோட்டச் சம்பளத்தில் அது ஆயுளில் ஓரிரு முறை நடக்கும் காரியமாக இருந்தது. தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 ரிங்கிட் என்ற முதல் குறைந்தபட்சச் சம்பளமே 2013இல்தான் வந்தது. அது 1,500 ஆனது 2022இல், 1,700 ஆனது 2025 பிப்ரவரியில். இந்த வருமானத்தில் இருப்பவர் பாட்டனாரின் ஊர்த் திருவிழாவுக்கும், தங்கை மகள் கல்யாணத்துக்கும், இராமேஸ்வரத்தில் திதி கொடுப்பதற்கும் போய்வர முடிகிறதென்றால், மாதக்கணக்கில் முன்கூட்டியே வாங்கக்கூடிய மலிவு டிக்கெட்டுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. சென்னையில் இறங்கி இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார வேண்டிய தேவையைத் திருச்சி இறக்கம் ஒழித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, நாமக்கல் பக்கத்து வேர்களை உடைய குடும்பங்களுக்கு அது டிக்கெட் விலைக்கு மேலான லாபம்.

இந்த மலிவு தந்திரத்தால் வந்ததல்ல, வேலை செய்யும் முறையால் வந்தது. டோனி பெர்னாண்டஸும் கமாருடின் மெரானுனும் கூட்டாளிகளும் 2001இல் டிஆர்பி-ஹைகோமிடமிருந்து ஏர் ஆசியாவை வாங்கியபோது கொடுத்த விலை 1 ரிங்கிட். கூடவே வந்தது 4 கோடி ரிங்கிட் கடன். இருந்தவை இரண்டு போயிங் 737 விமானங்கள். ஒரே வகை விமானம், தரையில் 25 நிமிடத்துக்கு மேல் நிற்காமை, ஒரு நாளில் இயன்ற அளவு அதிக மணி நேரம் பறத்தல், டிக்கெட்டை இணையத்தில் தானே விற்றல் என்று அமெரிக்காவின் சவுத்வெஸ்டும் அயர்லாந்தின் ரையன்ஏரும் நிரூபித்த முறையை அவர்கள் அப்படியே கொண்டுவந்தார்கள். ரையன்ஏரில் இயக்கப் பொறுப்பில் இருந்த கோனர் மெக்கார்த்தி தொடக்கக் கூட்டாளிகளில் ஒருவர். ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் பறக்கவைக்க ஆகும் செலவில் ஏர் ஆசியா உலகின் மிகக் குறைந்தவற்றுள் ஒன்று என்ற பெயரை விரைவிலேயே எடுத்தது.

மலிவின் மறுபாதியைப் பயணத்துக்கு முந்தைய இரவில் லாபு, நீலாய் தாமான் வீடுகளில் பார்க்கலாம். கூடத்தின் நடுவே பெட்டி திறந்து கிடக்கும். மைலோ பொட்டலங்கள், கோடாலித் தைலம், பிஸ்கட் டின், மாமாவுக்கு ஒரு கைலி. கைத்தராசில் மாட்டித் தூக்கினால் 22 கிலோ காட்டும். வாங்கியிருப்பது 20. மைலோ ஒன்று வெளியே வரும், கைப்பைக்குப் போகும். கைப்பைக்கு 7 கிலோதான், எனவே கைலி உடம்பில் ஏறும். பெட்டிக்கு, இருக்கை எண்ணுக்கு, சாப்பாட்டுக்கு எனத் தனித்தனியாக வாங்கும் இந்தக் கட்டணங்கள்தான் நிறுவனத்தின் லாபத்தைத் தூக்கிப்பிடிக்கின்றன. இதை ஏமாற்று என்று சொல்ல நான் தயாரில்லை. பெட்டியில்லாமல் லங்காவிக்குப் போகும் இளைஞனின் டிக்கெட்டில் பெட்டிக்காரரின் செலவைச் சேர்க்காமல் விடுவது நியாயமான முறையே. ஆனால் இந்தியப் பயணி பெட்டியில்லாமல் போகமாட்டார் என்பதும் நிறுவனத்துக்குத் தெரியும். விளம்பரத்தில் வரும் கட்டணம் அவருடைய கட்டணம் அல்ல. கூட்டிப் பார்த்த பிறகும் அது மலிவாகவே இருக்கிறது என்பதால்தான் முதல் கேள்வியில் நிறுவனம் தேறுகிறது.

பயணிக்காக நிறுவனம் சண்டை போட்டதும் உண்டு. 2018 ஜனவரி முதல், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் (கே.எல்.ஐ.ஏ.) மலிவு முனையமான கே.எல்.ஐ.ஏ.2இலிருந்து ஆசியான் நாடுகளுக்கு அப்பால் போவோருக்கான பயணிகள் சேவைக் கட்டணம் 50 ரிங்கிட்டிலிருந்து 73 ஆக உயர்ந்தது. திருச்சிக்கும் சென்னைக்கும் போவோர் இதில் அடக்கம். பிரதான முனையத்தின் வசதிகள் இல்லாத இடத்தில் அதே கட்டணமா என்று கேட்டு, கூடுதல் 23 ரிங்கிட்டை வசூலிக்க ஏர் ஆசியா மறுத்தது. விமான நிலையங்களை நடத்தும் மலேசியா ஏர்போர்ட்ஸ் வழக்குப் போட்டது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் 4 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கட்டும்படி தீர்ப்பளித்தது. கட்டணம் ஏறினால் தன் வியாபாரம் குறையும் என்ற சுயநலம் இதில் இருந்தது உண்மை. அந்தச் சுயநலம் பயணியின் நலனோடு ஒத்துப்போனதும் உண்மை.

இனி லாபு. இந்த நிறுவனத்தின் வளர்ச்சிச் சிந்தனையை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை. சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் 2007இல் ஒன்றான பிறகு நெகிரி செம்பிலானில் பெரும் தோட்ட நிலம் ஒரே கையில் சேர்ந்தது. அதே வேளையில், கே.எல்.ஐ.ஏ. இருக்கும் செப்பாங்கின் அப்போதைய மலிவு விமான முனையம் ஆண்டுக்கு ஒரு கோடிப் பேரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டு, திறந்த சில ஆண்டுகளிலேயே பிதுங்கிக்கொண்டிருந்தது. சைம் டார்பியின் நிலம், ஏர் ஆசியாவின் பயணிகள், அரசுப் பணம் வேண்டாம், ஆண்டுக்கு 3 கோடிப் பேர், 2011இல் தயார். காகிதத்தில் கச்சிதமான திட்டம். அரசும் முதலில் தலையாட்டியது.

எதிர்ப்புக்கு வலுவான காரணங்கள் இருந்தன. 1998இல் திறந்த கே.எல்.ஐ.ஏ.வுக்கு ஏற்கனவே 10,000 ஹெக்டர் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. மேலும் ஓடுபாதைகளுக்கும் முனையங்களுக்கும் அங்கே இடம் கிடந்தது. மாநில எல்லையைத் தாண்டிய அடுத்த ஊரில் இன்னொரு விமான நிலையம் கட்டினால் வான்வெளி நெருக்கடியாகும், ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பயணி சாலையில் அலைவார், பொதுப் பணத்தில் எழுந்த நிலையம் பாதி காலியாகும். டாக்டர் மகாதீர் உட்படப் பலர் கேள்வி எழுப்பினர். அரசு பின்வாங்கி, புதிய மலிவு முனையத்தை கே.எல்.ஐ.ஏ. நிலத்திலேயே மலேசியா ஏர்போர்ட்ஸ் கட்டும் என்று முடிவு செய்தது.

அந்த முடிவு சரியா என்று இன்று கேட்டால் விடை ஒற்றைச் சொல்லில் வராது. மாற்றாக வந்த கே.எல்.ஐ.ஏ.2, ஏறத்தாழ 200 கோடி ரிங்கிட் என்று தொடங்கி 400 கோடியைத் தொட்டது. பலமுறை தள்ளிப்போய் 2014 மே 2இல்தான் திறந்தது. மிருதுவான மண்ணில் விமானங்கள் நிற்கும் தளம் அமிழ்ந்து தண்ணீர் தேங்கியது. பெரிய கட்டடம், 4.5 கோடிப் பேர் கொள்ளளவு, மூன்றாம் ஓடுபாதை என்று திட்டமே நடுவில் பெருத்தது செலவுக்கு ஒரு காரணம். ஆனால் வான்பாலத்தில் ஏறி இறங்கி வாயில் வரை நடக்கும் எழுபது வயதுப் பாட்டியிடம் கேட்டால், மலிவுப் பயணத்துக்கு இவ்வளவு பெரிய கட்டடம் வேண்டாம் என்ற ஏர் ஆசியாவின் பழைய வாதத்துக்கு அவர் ஓட்டுப் போடுவார். செலவைப் பற்றி ஏர் ஆசியா சொன்னது பலித்தது. இடத்தைப் பற்றி அரசு கடைசியில் எடுத்த முடிவும் சரி. ஒரு நிறுவனத்தின் வசதிக்காக நாடு இரண்டாம் நிலையத்தைச் சுமந்திருந்தால், அந்நிறுவனம் தடுமாறிய 2020இல் லாபுவின் ஓடுபாதையில் புல் முளைத்திருக்கும். அப்போது அதன் சுமையை யார் ஏற்றிருப்பார்கள்? வரி கட்டுவோர்தான்.

அந்த வாரங்களின் வாதம் பெரும்பாலும் ஓடுபாதை, முனையம், உரிமம் ஆகியவற்றைச் சுற்றியே ஓடியது. தோட்ட மக்கள் அதில் ஓரமாகவே இருந்தார்கள். புத்ராஜெயாவுக்காக பெராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் அடுக்குவீடுகளுக்குப் போன கதை அப்போது பழையதாகிவிடவில்லை. லாபு கைவிடப்பட்டதால் நிலம் தோட்டமாகவே நின்றுவிடவும் இல்லை. மலேசியா விஷன் வேலி என்ற பெயரில் அதே வட்டாரம் பின்னர் நகரத் திட்டத்துக்குள் வந்தது. விமான நிலையம் கொடுத்த வேலைகளை, அதாவது பெட்டி ஏற்றுதல், துப்புரவு, பாதுகாவல், கேட்டரிங் ஆகியவற்றை, நீலாய், லாபுப் பிள்ளைகள் செப்பாங்கிற்குப் போய்ச் செய்கிறார்கள். ரயிலில் போவதென்றால் லாபுவிலிருந்து வடக்கே பண்டார் தாசேக் செலாத்தான் வரை ஏறி, வண்டி மாறி, மறுபடி தெற்கே இறங்க வேண்டும். பக்கத்தில் விமான நிலையம் இருப்பதும் அது கைக்கெட்டுவதும் வேறுவேறு.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். கோவிட் எல்லா விமான நிறுவனங்களையும்தானே அடித்தது என்ற பதில் பாதிதான் பொருந்தும். அடி விழுவதற்கு முன் கையில் என்ன வைத்திருந்தார்கள் என்பதே என் கேள்வி. 2018இல் ஏர் ஆசியா தன் விமானக் குத்தகைத் தொழிலை 100 கோடி டாலருக்கு மேற்பட்ட விலைக்கு விற்றது. சொந்தமாக இருந்த விமானங்களை விற்று, அவற்றையே வாடகைக்கு எடுத்துப் பறந்தது. விற்ற பணம் வந்ததும் 2019 ஆகஸ்டில் பங்குக்கு 90 சென் வீதம் ஏறத்தாழ 300 கோடி ரிங்கிட்டைச் சிறப்பு ஈவுத்தொகையாகப் பங்குதாரர்களுக்குக் கொடுத்தது. நிறுவனர்களே பெரும் பங்குதாரர்கள். ஏழு மாதத்தில் எல்லைகள் மூடின. 2020ஆம் ஆண்டின் நட்டம் 500 கோடி ரிங்கிட்டைத் தாண்டியது. விமானங்கள் தரையில் நின்றாலும் வாடகை நிற்கவில்லை. பணியாளர் குறைப்பும் சம்பள வெட்டும் வந்தன. கேப்பிட்டல் ஏ என்று பெயர் மாறிய 2022 ஜனவரியிலேயே நிறுவனம் பங்குச் சந்தையின் பிஎன்17 பட்டியலில், அதாவது நிதி நிலை மோசமானவற்றின் பட்டியலில், ஏறியது.

ரையன்ஏரிடமிருந்து பாடம் கற்றவர்கள் அதன் பாதியை மட்டும் கற்றார்கள் என்பது இங்கேதான் தெரிகிறது. ரையன்ஏர் தன் விமானங்களில் பெரும்பாலானவற்றைச் சொந்தமாக வைத்திருக்கிறது, ரொக்கத்தைச் சேர்த்து வைக்கிறது. சவுத்வெஸ்ட் 1973 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட நட்டம் காணாததற்கும் அதே கட்டுப்பாடுதான் அடிப்படை. மலிவாகப் பறக்க விரும்பும் நிறுவனம் நல்ல ஆண்டில் சேமிக்க வேண்டும். ஏர் ஆசியா நல்ல ஆண்டில் பங்கு பிரித்தது.

மூன்றாம் கேள்வியின் விடை இதிலிருந்தே கிளைக்கிறது. நெடுந்தூரக் கிளையான ஏர் ஆசியா எக்ஸ் 3,365 கோடி ரிங்கிட் கடனுக்கு நூற்றுக்கு அரை வீதமே தருவதாக முன்வைத்த திட்டத்தைக் கடன் கொடுத்தோர் 2021 நவம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். 100 ரிங்கிட்டுக்கு 50 சென். டிக்கெட் வாங்கியிருந்தவர்களுக்கு ரொக்கம் திரும்பவில்லை, பிற்காலப் பயணத்துக்கான வவுச்சர்தான். திருச்சி, சென்னை பறந்த குறுந்தூர ஏர் ஆசியா வேறு நிறுவனம், அது இந்த அளவுக்குப் போகவில்லை. ஆயினும் ரத்தான பயணத்துக்கு அது முதன்மையாக நீட்டியது கிரெடிட் கணக்குதான். நான்கு பேர் டிக்கெட் பணம் என்பது தோட்ட வருமானக்காரருக்கு ஓர் ஆண்டுச் சேமிப்பு. வேலை போன மாதத்தில் அவருக்கு வேண்டியது அரிசி, கிரெடிட் அல்ல. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனால் எதிரே மனிதர் இல்லை, ஏவா என்ற உரையாடல் இயந்திரம். குறைகள் குவிந்து, 2023இல் நிறுவனமே அதை ஓய்வுபெற வைத்தது.

முன்பணத்தின் தன்மையைத் தோட்டத்தில் கூட்டு, அதாவது சீட்டு, பிடித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டுத் தலைவரிடம் மாதாமாதம் கொடுக்கும் பணம் நம்பிக்கையின் பேரில் கொடுப்பது. அவர் வீடு வாங்கினால் சந்தேகத்தோடு முகத்தைப் பார்ப்போம், ஓடிப்போனால் தெருவில் நிற்போம். ஆறு மாதம் முன்னால் வாங்கும் மலிவு டிக்கெட்டும் வட்டியில்லாமல், ஈடில்லாமல் நிறுவனத்துக்குப் பயணி கொடுக்கும் கடன். அந்தக் கடன்காரர்களின் எண்ணிக்கைதான் விளம்பரத்தில் வளர்ச்சி என்று வருகிறது. 2024 செப்டம்பர் முதல் சட்டம் சற்று இறுகியிருக்கிறது. பயணம் 5 மணி நேரமோ மேலோ தாமதித்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கட்டிய வழியிலேயே 30 நாளில் திருப்ப வேண்டும் என்று விமானத் துறையைக் கண்காணித்த மாவ்கோம் விதித்தது. 2025 ஆகஸ்டில் மாவ்கோமின் பொறுப்பு வான் போக்குவரத்து ஆணையத்துக்கு மாறிவிட்டது. விதி இருக்கிறது. அதைக் கெட்ட ஆண்டில் அமல்படுத்தும் வலு இருக்கிறதா என்பது இனிமேல்தான் தெரியும்.

நிறுவனத்தின் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். மலேசியா ஏர்லைன்ஸைக் காப்பாற்ற 2014இல் மட்டும் அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானா 600 கோடி ரிங்கிட் திட்டம் போட்டது. அது பொதுப் பணம். ஏர் ஆசியாவுக்கு அப்படி ஒரு தாய்மடி இல்லை. அது விமானங்களை வாடகைக்குத் தந்தவர்களோடு பேரம் பேசி, சொத்தை விற்று, புதுப் பங்கு வெளியிட்டு மீண்டது. ஏர் ஆசியா எக்ஸ் 2023இல் பிஎன்17இலிருந்து வெளியேறியது. மீளும் திறமை மெய். ஆனால் மீண்டு வந்ததை மட்டும் சொல்லி, அந்த மீட்சிக்கு விலை கொடுத்த சிறு கடன்காரர்களைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது.

பாதுகாப்பையும் எடைபோடாமல் விட முடியாது. 2014 டிசம்பர் 28இல் இந்தோனேசிய ஏர் ஆசியாவின் கியூஇசட் 8501 ஜாவாக் கடலில் விழுந்து 162 பேர் இறந்தனர். வால்சுக்கானைக் கட்டுப்படுத்தும் கருவியில் விரிசல் விட்ட பற்றாசு இணைப்பும், அந்தக் கோளாறு முந்தைய 12 மாதத்தில் 23 முறை வந்திருந்ததும், விமானிகள் அதை எதிர்கொண்ட விதமும் விசாரணையில் தெரியவந்தன. அதிக மணி நேரம் பறப்பதே மலிவின் அடித்தளம் என்றால், திரும்பத் திரும்ப வரும் சிறு கோளாறைப் பெரிதாக எடுத்துக்கொள்வதே அதன் கடமை.

இனி வளர்ச்சித் திட்டம். 2024 ஏப்ரலில் கையெழுத்தாகி, அக்டோபரில் பங்குதாரர் ஒப்புதல் பெற்ற ஏற்பாடு, குறுந்தூர ஏர் ஆசியாக்கள் எல்லாவற்றையும் 680 கோடி ரிங்கிட் மதிப்பில் ஏர் ஆசியா எக்ஸுக்குள் சேர்ப்பது. அதில் 380 கோடி, எக்ஸ் ஏற்கும் கடன். 2021இல் ஆர்டர் முழுவதையும் ஏ321நியோவாக மாற்றி 362 விமானம் என்றார்கள். 2025 ஜூலையில் பாரிஸில் பிரதமர் அன்வார் முன்னிலையில் ஏ321எக்ஸ்எல்ஆர் 50க்குக் கையெழுத்திட்டார்கள், அறிவித்த மதிப்பு 1,225 கோடி டாலர், 2028 முதல் வரவு. 2024இல் கம்போடியக் கிளை தொடங்கியது, விசாகப்பட்டினம், கோழிக்கோடு போன்ற ஊர்கள் சேர்ந்தன.

இதில் ஒரு பகுதி கணக்கில் நிற்கும். ஏ320இல் 186 இருக்கை, ஏ321இல் 236. அதே நேர ஒதுக்கீட்டில், அதே எண்ணிக்கை விமானிகளோடு 50 பேர் கூடுதலாகப் போகலாம். ஒருவழிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் எடுக்கும் திருச்சித் தடத்துக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. இந்தியருக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசா விலக்கு தந்ததும், திருச்சியில் 2024இல் புதிய முனையம் இயங்கத் தொடங்கியதும் இந்தத் தேவைக்கு உரமூட்டுகின்றன. இரு நாட்டு உடன்படிக்கை எத்தனை இருக்கை அனுமதிக்கிறது என்பதே இங்கே உச்சவரம்பு. இருக்கை எண்ணிக்கை கட்டுப்பட்ட சந்தையில் பெரிய விமானம் வாங்கினால் மட்டும் கட்டணம் இறங்கிவிடாது. பேட்டிக் ஏர் போன்ற போட்டியாளர் அதே வானில் இருப்பதுதான் பயணிக்குக் காப்பு.

மற்றப் பகுதியைப் பழைய ஏடுகளே மறுக்கின்றன. லண்டனும் பாரிஸும் தொடங்கி 2012இல் கைவிடப்பட்டன. எக்ஸின் டெல்லி, மும்பைப் பயணங்களும் அதே ஆண்டு நின்றன. ஜப்பானில் இரண்டு முறை கடை திறந்து இரண்டு முறையும் மூடினார்கள். டாட்டாவோடு சேர்ந்து 2014இல் பறந்த ஏர் ஆசியா இந்தியா இன்று டாட்டாவின் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கரைந்துவிட்டது. 25 நிமிடத்தில் திரும்புவதால் வரும் மலிவு, பத்து மணி நேரம் பறக்கும் விமானத்துக்கு வராது. எக்ஸ்எல்ஆர் இந்த இலக்கணத்தை மாற்றும் என்பது நிறுவனத்தின் நம்பிக்கை. சிறிய விமானத்தை நிரப்புவது எளிது என்பதால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் குறுந்தூரத் தொழில் முழுவதையும் கடனோடு சேர்த்து, 100க்கு 50 சென் கொடுத்த நிறுவனத்தின் கூரைக்கீழ் வைத்துக்கொண்டு அந்தப் பரிசோதனையைச் செய்வது சரியல்ல. நெடுந்தூரம் சறுக்கினால், முன்பு தனியாக நின்று தப்பிய திருச்சிப் பயணியின் முன்பணமும் இம்முறை அதே குழியில் இருக்கும்.

ஆகவே தீர்ப்பு இது. சேவை என்ற வகையில் ஏர் ஆசியா வெற்றி. தோட்ட வருமானக்காரருக்கு வானத்தைத் திறந்துவிட்டது, அதை யாரும் பறிக்க முடியாது. நிதி ஒழுக்கத்தில் தோல்வி, 2019இன் ஈவுத்தொகை அதற்குப் போதுமான சான்று. வளர்ச்சித் திட்டத்தில் நான்கு மணி நேர வட்டத்துக்குள் அடங்கும் பகுதி ஏற்கத்தக்கது. அதற்கு அப்பால் போகும் பகுதிக்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும்: பறக்காத பயணத்துக்கான டிக்கெட் பணம் தனிக் கணக்கில் பூட்டப்பட வேண்டும். விமானம் விற்ற பணம் கையிருப்பாக நிற்கும்வரை சிறப்பு ஈவுத்தொகை கூடாது. நெடுந்தூரத்தின் வரவு செலவு ஒவ்வோர் ஆண்டும் தனியாக வெளியிடப்பட வேண்டும். முதலாவதை அரசு சட்டமாக்கலாம், மற்ற இரண்டையும் பங்குதாரர் கேட்கலாம். இவை இல்லாதவரை லாபுக்காரர் திருச்சிக்கு ஏர் ஆசியாவில் தயங்காமல் போகலாம், ஆனால் அடுத்த ஆண்டுப் பயணத்துக்கான பணத்தை இந்த ஆண்டே அதனிடம் கொடுத்து வைக்க வேண்டாம்.